தமிழ்ப் பொத்தானுக்குப் பின்னால்

லுணுகலையிலோ ஹப்புத்தளையிலோ இருந்துகொண்டு கைப்பேசியில் அரச இணையத்தளம் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. மேல் மூலையில் மூன்று மொழிகளின் பெயரும் இருக்கும். ‘தமிழ்’ என்பதைத் தொட்டவுடன் தலைப்புப் பட்டி தமிழாகிவிடும்: முகப்பு, எம்மைப் பற்றி, சேவைகள், தொடர்புகள். சரி, கிடைத்துவிட்டது என்று கீழே இறங்கினால் அறிவித்தல் ஆங்கிலத்தில் நிற்கும். வேறு சில தளங்கள், படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் இருந்து ஆளைத் தூக்கி முகப்பில் போட்டுவிடும். இன்னும் சிலவற்றில் அறிவித்தல் தமிழில்தான் இருக்கும், ஆனால் மூன்று வருடம் பழசு. சிங்களப் பக்கத்திலோ நேற்றைய திகதி.

வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பார் ஒருவர். சிஸ்டம் பிழை என்பார் இன்னொருவர். உண்மையில் இந்த மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். எது எதனால் வருகிறது என்று, உள்ளே போகாமலே, கைப்பேசித் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்கு முதலில் இந்தப் பக்கங்கள் எப்படி உண்டாகின்றன என்று தெரிய வேண்டும்.

பக்கம் என்று ஒன்று கிடையாது

1990களில் இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. நூறு பக்கம் என்றால் நூறு கோப்பு. அலுவலகத்தின் தொலைபேசி எண் மாறினால் நூறையும் திறந்து திருத்த வேண்டும். அதிலும் திருத்தத் தெரிந்தவர் கொழும்பில் இருப்பார், திருத்த வேண்டிய விஷயம் தெரிந்தவர் பதுளையில் இருப்பார்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்ததுதான் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. இனி ‘முறைமை’ என்றே சொல்வோம். அது எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்துவிட்டது. எழுத்தெல்லாம் தரவுத்தளம் ஒன்றில், அட்டவணையின் வரிசைகளாகக் கிடக்கும். தோற்றம் வார்ப்புரு என்ற தனிக் கோப்பில் இருக்கும்: இலச்சினை எங்கே, தலைப்பு எவ்வளவு பெரிது, திகதி எந்த மூலையில். நீங்கள் முகவரியைத் தொட்ட பிறகுதான் வழங்கிக் கணினியில் உள்ள நிரல், உரிய வரிசையை எடுத்து வார்ப்புருவில் பொருத்தி, பக்கம் ஒன்றைச் செய்து அனுப்புகிறது. நீங்கள் கேட்கும்வரை அந்தப் பக்கம் எங்கும் இருக்கவில்லை. (அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வதும் உண்டு. அது வேகத்துக்கான ஏற்பாடு, அடிப்படை மாறாது.)

இதனால் விஷயம் தெரிந்தவர் நிரல் தெரியாமலே எழுதலாம். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால் தலைப்புக்கு ஒரு பெட்டி, உடலுக்கு ஒரு பெட்டி, கீழே ‘வெளியிடு’ என்ற பொத்தான். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த அதிபரோ எழுதுவினைஞரோ இதையும் செய்துவிடுவார். ஒரு தடவை எழுதியது முகப்பிலும் வரும், அறிவித்தல் பட்டியலிலும் வரும், தேடினாலும் கிடைக்கும்.

யாருடைய சரக்கு

இந்த முறைமைகளில் பெயர் பெற்றவை பெரும்பாலும் திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ட்ரூபல் 2001இல் பெல்ஜியத்து மாணவர் ட்ரீஸ் போய்டார்ட் வெளியிட்டது. வேர்ட்பிரஸ் 2003இல் மட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது. கைவிடப்பட்ட வேறொரு நிரலை எடுத்துத்தான் அதைத் தொடர்ந்தார்கள். இன்று உலக இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில் ஓடுகின்றன. ஜூம்லாவின் பிறப்பு ஒரு சண்டை. மம்போ என்ற முறைமையை எழுதியவர்கள், அதன் பெயருக்கு உரிமை கொண்டாடிய அவுஸ்திரேலிய நிறுவனத்தோடு 2005இல் பிணங்கி, நிரலையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயர்தான் நிறுவனத்திடம் மிஞ்சியது.

இலங்கையின் அரச தளங்கள் பல ஜூம்லாவில் கட்டப்பட்டவை. உரிமக் கட்டணம் கிடையாது, செய்யத் தெரிந்த இளைஞர்கள் நிறைய. இலவசம் என்ற அந்த ஒரு சொல் பின்னால் எத்தனை தொல்லை கொடுக்கிறது என்பதற்குப் பிறகு வருவோம்.

ஒரே அறிவித்தல், மூன்று பெட்டி

ஓர் அறிவித்தலைப் பின்தொடர்வோம். ஐப்பசி, கார்த்திகை மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அதில் மூன்று நிலைகள்: மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. இடம் ஹல்துமுல்லை. இந்த உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. 2005இலும் 2011இலும் அந்த மலை பற்றி எச்சரித்திருந்தார்கள்.

அலுவலர் ஒருவர் சிங்களத்தில் எழுதி வெளியிடுகிறார். தரவுத்தளத்தில் ஒரு வரிசை சேர்கிறது, பக்கத்தில் ‘மொழி: சிங்களம்’ என்ற குறிப்போடு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பெட்டிகள் காத்திருக்கின்றன. ஆங்கிலம் எப்படியோ நிரம்பிவிடுகிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று விடுமுறை. பெட்டி வெறுமை.

இப்போது நீங்கள் ‘தமிழ்’ பொத்தானைத் தொடுகிறீர்கள். வெறும் பெட்டியைக் கண்ட முறைமை என்ன செய்யும்? அங்கேதான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

ட்ரூபல் பொதுவாக மூல மொழிக்குத் திரும்பும். தமிழில் இல்லையா, இருப்பதையாவது பார் என்று முதலில் எழுதிய மொழியிலேயே காட்டும். பட்டி தமிழ், உள்ளே வேற்றுமொழி என்ற கலவை இப்படித்தான் உண்டாகிறது. ஜூம்லாவில் ஒவ்வொரு கட்டுரையையும் அதன் பிறமொழிச் சோடியோடு இணைத்துவிட வேண்டும். சோடி இல்லை என்றால் அது உங்களைத் தமிழ் முகப்புக்கு அனுப்பிவிடும்; ஆளைத் தூக்கிப் போடுவது இதனால்தான். வேர்ட்பிரஸின் அடிப்படை நிரலில் பலமொழி ஏற்பாடே இல்லை. அதற்கென்று செருகுநிரல் பூட்ட வேண்டும், அல்லது மொழிக்கு ஒன்றாக மூன்று தளங்களைத் தனித்தனியே கட்ட வேண்டும். மூன்றாகக் கட்டிய இடங்களில் ஒன்றில் வந்தது மற்றதில் இல்லை என்று முறைமைக்கே தெரியாது. மூன்று வருடப் பழசு அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பட்டி மட்டும் எப்படித் தமிழில் வந்தது? ‘முகப்பு’, ‘தேடு’, ‘மேலும் வாசிக்க’ போன்ற சொற்கள் உள்ளடக்கத்தில் சேர்ந்தவையே அல்ல. பொதுவான சொற்கள் முறைமையின் மொழிக்கோப்பில் இருக்கின்றன. உலகத்தில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் ஒரு தடவை தமிழாக்கினால், அதைப் பயன்படுத்தும் தளங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கு ஒரு கோப்பு, இலங்கைத் தமிழுக்கு வேறொரு கோப்பு என்று இரண்டே உண்டு. மற்றப் பட்டிச் சொற்களைத் தளத்தைக் கட்டியவர் ஆரம்பத்தில் ஒரு முறை தட்டியிருப்பார். ஒரு முறை செய்தால் போதுமான வேலை முடிந்திருக்கிறது, தினமும் செய்ய வேண்டியது முடியவில்லை. தமிழ்ப் பொத்தானின் மர்மத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

‘ஹல்த’வில் நின்றுபோன முகவரி

மீதிக் கால்வாசி எழுத்துகள் சம்பந்தப்பட்டது. நம் அறிவித்தலின் தமிழ்ப் பெட்டியை ஒருவர் நிரப்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தளம் வேர்ட்பிரஸில். தலைப்பு: ‘மண்சரிவு எச்சரிக்கை ஹல்துமுல்லை’.

கணினி எழுத்தைச் சேமிப்பது எண்களாக. யூனிகோட் தமிழை இணையத்தில் எழுதும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்கள். ‘ப’ என்றால் 224, 174, 170. எந்தத் தமிழ்க் குறியும் 224இல்தான் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் மேலேறும் குறிக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. ‘பதுளை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, பதினைந்து எண்.

முகவரியில் இது இன்னும் நீளும். அங்கே ஒவ்வொரு எண்ணும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடம் பிடிக்கும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். வாட்ஸ்அப்பில் தமிழ் இணைப்பு ஒன்றைப் பகிரும்போது முழம் முழமாக ஒரு வால் வருகிறதே, அது இதுதான். வேர்ட்பிரஸ் தலைப்பில் இருந்து முகவரியைத் தானே செய்துகொள்ளும். அதற்கு ஒதுக்கிய இடம் 200.

கூட்டிப் பார்ப்போம். ‘மண்சரிவு’ எட்டுக் குறி, 72 இடம். இடைக்கோடு ஒன்று. ‘எச்சரிக்கை’ பத்துக் குறி, 90. இன்னோர் இடைக்கோடு. இதுவரை 164. மிச்சம் 36 இடத்தில் நான்கு குறிகள்தான் கொள்ளும்: ஹ, ல, புள்ளி, த. முகவரி ‘ஹல்த’வோடு அறுந்துவிடும். ஆங்கிலத்தில் 200 இடம் என்பது இரண்டு மூன்று வாக்கியம். அந்த அளவைத் தீர்மானித்தவர்களுக்கு அது தாராளமாகத்தான் தெரிந்திருக்கும். நமக்கு 22 குறி. ஊர்ப் பெயரைத் தலைப்பின் முன்னால் போட்டால் பெயராவது பிழைக்கும்; முகவரிப் பெட்டியில் சுருக்கமாக வேறொன்றைக் கையால் எழுதிவிடுவது அதைவிடச் சுலபம்.

பழைய தளங்களை வேறு வழங்கிக்கு மாற்றும்போது நேரும் அனர்த்தமும் இதே வீட்டுப் பிள்ளை. தமிழ் இருந்த இடம் முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் சிக்கிய ஆரும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் 224 என்பது அந்த ஏ, 174 என்பது அந்த ஆர். மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதை ஒவ்வொன்றாகப் படித்ததால் வந்த வினை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்புவரை, யாரும் மாற்றாவிட்டால், ஐரோப்பிய முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். அதிலும் அகர வரிசை சுவீடிஷ் மொழியினது. அதைச் செய்த நிறுவனம் சுவீடன் நாட்டினது. ஏயும் ஆரும் வந்தால் கலங்க வேண்டாம், எண்கள் பத்திரமாக உள்ளன, சரியான முறையில் படிக்கச் சொன்னால் தமிழ் மீளும். கேள்விக்குறிகளாக வந்தால்தான் கவலை. அங்கே எண்ணே அழிந்துவிட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்கள் தனிக் கதை. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் வேடம் போட்டவை. தளத்தில் ஏற்றினால் எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வேடம் கலைந்துவிடும், தேடினாலும் அகப்படாது. மாற்றி எழுதும் கருவிகள் இலவசமாகவே இருந்தும் பல அலுவலகங்கள் அந்தக் கோப்பைப் படமாக்கி ஒட்டிவிடுகின்றன. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அந்தப் படம் வெறும் சுவர்.

கவ்வாத்து

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. வாரா வாரம் பறிப்பதும் சில வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவதும்தான் அதைச் செடியாக வைத்திருக்கின்றன. இணையத்தளமும் கட்டி முடித்த பொருள் என்று நினைத்தவர்களிடம்தான் கைமீறிப் போகிறது.

நிரல் திறந்திருப்பதால் பிழையைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம், திருத்துபவர்களும் அதிகம். திருத்தம் வெளியாகும் நாளில் பிழை எங்கே என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 15ஆம் திகதி ட்ரூபல் ஏழாம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு சொன்னது: அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் பூட்டாத தளம் எதுவும் கள்வர் கையில் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். அதைச் சொன்ன திகதி ஒக்டோபர் 29, மீரியபெத்தை சரிந்த அதே நாள். தற்செயல்தான்.

ஏழு மணி நேரத்தில் யார் விழித்திருந்து பூட்டுவது? தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் பாடசாலையின் பழைய மாணவர் என்றால், அவர் இப்போது டுபாயிலோ கனடாவிலோ இருப்பார். கடவுச்சொல் அவருடைய பழைய கைப்பேசியில். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் எவரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும். ஒரு நாள் தளம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வரும். இலவசம் என்பது உரிமத்துக்கு மட்டும். கட்டும்போது எழுதும் ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லாத தளங்களுக்கு இந்தக் கதி விதிக்கப்பட்டதுதான்.

பதிப்புகளுக்கும் ஆயுள் உண்டு. ஜூம்லா மூன்றாம் பதிப்புக்கான ஆதரவு 2023 ஓகஸ்ட் 17உடன் முடிந்தது. 2011 ஜனவரி 5இல் வந்த ட்ரூபல் ஏழு, சரியாகப் பதினான்கு வருடம் கழித்து 2025 ஜனவரி 5இல் ஓய்வு பெற்றது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அந்தக் குழு பொறுப்பல்ல.

பிரதி எடுத்து வைப்பதைப் பற்றிப் புத்திமதி சொல்வதைவிட ஒரு சம்பவம் போதும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையைப் பணம் பறிக்கும் தீநிரல் பூட்டிவிட்டது. மே 17இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக் காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. பிரதி வேறு இடத்தில் இருந்தால்தான் பிரதி.

இருபது வருடமாக நிற்பது

நம்மிடையே நின்று பிடித்த ஒன்றும் உண்டு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிப் பாதுகாக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. அதன் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதுதான். யார் எதை எப்போது மாற்றினாலும் முந்தைய வடிவத்தை அது வைத்துக்கொள்ளும். படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைக்க ஆவணகம் என்ற இன்னொரு தளத்தைப் பிறகு கட்டினார்கள். அது ட்ரூபலின் மேல் எழுந்த ஐலண்டோரா என்ற முறைமை, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மலையகத்து இதழ்களும் சிறப்பு மலர்களும் இங்கே இருக்கின்றன.

இது நிற்பதற்குத் தன்னார்வலர்களின் உழைப்பு முதல் காரணம். இன்னொன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. நூலகத்தில் ஒரு நூல் என்பது ஒரு கட்டுரையாக எழுதப்படுவதில்லை. தலைப்பு, ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று கட்டம் கட்டமாக உடைத்து நிரப்பப்படுகிறது. அதனால்தான் நிரப்புகிறவர் மாறினாலும் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே முகத்தோடு இருக்கின்றன. வருடம் போட்டுத் தேடலாம், பதிப்பாளரைப் பிடித்துக்கொண்டு போகலாம், நாளை வேறு முறைமைக்கு மாற்றுவதானாலும் கட்டத்துக்குக் கட்டம் மாற்றலாம்.

எழுதாமல் நிரப்பினால்

நம் மண்சரிவு அறிவித்தலை இந்தக் கண்ணோடு பாருங்கள். அதில் புதிதாக எழுத என்ன இருக்கிறது? எந்தப் பிரிவு, எந்த நிலை, எப்போது வரை. பதுளை மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 15, எச்சரிக்கை நிலை 3. பதினைந்து பெயரையும், மூன்று நிலைக்கும் உரிய அறிவுரையையும் மூன்று மொழியில் ஒரே ஒரு தடவை, வெயில் காலத்தில், ஆற அமர இருந்து எழுதிச் சரிபார்த்து முறைமையில் வைத்துவிடலாம். மழை இரவில் வேலை செய்யும் அலுவலர் பிரிவையும் நிலையையும் பட்டியலில் இருந்து தெரிவுசெய்து, நேரத்தைக் குறிக்கிறார். சிங்களம் வெளியாகும் அதே நொடியில் தமிழும் வெளியாகும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தெரியும் என்றாலும் ஒன்றுதான். ஆரம்பத்தில் பட்டியைத் தமிழாக்கிய அதே உபாயத்தைத்தான் இங்கே அறிவித்தலுக்குள் கொண்டுவருகிறோம்.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. எச்சரிக்கைகளுக்கென்றே 2004இல் உருவான பொது எச்சரிக்கை நெறிமுறை, ஒரு செய்தியைக் கட்டங்களாக உடைத்து மொழிக்கு ஒரு பகுதி வைத்துத்தான் அனுப்பச் சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கணினியாளர்கள் தன்னார்வமாக எழுதிய சஹானா, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் இப்படிக் கட்டங்களில் பதிந்த திறந்த மூல முறைமை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. பிற நாடுகளின் பேரிடர்களுக்கும் அது போனது.

பட்டியல் முறையிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. அரசின் பட்டியலில் இருப்பது பிரதேச செயலகப் பிரிவும் கிராம சேவகர் பிரிவும். தோட்டத்து ஆளுக்குத் தன் இடம் தோட்டத்தின் பெயராலும் டிவிசனின் பெயராலும்தான் தெரியும். அதிலும் பத்திரத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று என்று இரண்டு பெயரோடு வாழும் தோட்டங்கள் ஊவாவில் ஏராளம். ‘மேல்கணக்கு’, ‘கீழ்கணக்கு’ என்று சொன்னால் மக்களுக்குப் புரியும், தரவுத்தளத்துக்குப் புரியாது. முறைமைக்கு இது பெரிய வேலையே அல்ல, பிரிவுப் பட்டியலோடு ‘வழக்குப் பெயர்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நாள் பிடிக்கும். மடுல்சீமையில் இருந்து ஹல்துமுல்லை வரை தோட்டம் தோட்டமாகப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் நின்று, இந்த மலைக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும்.